ஓதம் ஏறும் தரைமேல் வினைல் பலகை போடலாமா?

கேள்வி: சிதம்பரம் நகரை ஒட்டி எங்கள் வீடு. 1997-ல் கட்டியது, கீழ்த்தளம் மட்டும், தரை மொசைக். படுக்கையறை ஒன்று 12-க்கு 14 அடி. ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் அந்த அறைத் தரை நசநசவென்றே இருக்கிறது. பாய் விரித்துப் படுத்து எழுந்தால் பாயின் அடியில் ஈரம், பூஞ்சை வாடை. சுவரோரமும் மொசைக் இணைப்புகளிலும் வெள்ளையாக உப்பு பூக்கிறது. துடைத்தால் ஒரே வாரத்தில் திரும்பி வருகிறது. அறையை ஒட்டியே குளியலறை. முன்பு வாசலில் மூன்று படி இருந்தது, தெருவில் சாலை மேல் சாலை போட்டதில் இப்போது ஒரு படிதான் மிச்சம். அந்த அறைக்கு மரம் போலத் தெரியும் எஸ்பிசி வினைல் பலகை (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்தது) போட ஆசை. கடைக்காரர், "இது வாட்டர் புரூப், எந்தத் தரைமேலும் போடலாம்" என்கிறார். கொத்தனார் மொசைக் மேலேயே பேஸ்ட் வைத்து டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார். பெயின்ட் கடையில் இரண்டு கோட் கெமிக்கல் அடித்தால் போதும் என்கிறார்கள். யார் சொல்வது சரி? பொங்கல் கழிந்ததும் வேலையைத் தொடங்க நினைக்கிறோம்.

பதில்: மூன்று பேரும் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மூவரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது தெரியாமல் பணம் செலவு செய்ய வேண்டாம்.

எஸ்பிசி பலகை தண்ணீரில் ஊறாது, உப்பாது. கடைக்காரர் சொன்னதில் அது மட்டும் சரி. ஆனால் அதன் அடியில் ஒட்டி வரும் மெல்லிய பஞ்சுக்கும் உங்கள் மொசைக்குக்கும் நடுவில் ஈரம் போக வழியில்லாமல் அடைந்து கிடக்கும். இப்போது தரையிலிருந்து காற்றில் காய்ந்து போகிற ஈரம் அப்போது பலகை இணைப்புகள் வழியாகவும் ஸ்கர்ட்டிங் ஓரமாகவும் சுவர் வழியாகவும் வெளியேறப் பார்க்கும். முதல் மழைக்காலத்திலேயே வாடை அதிகமாகும். இரண்டாவது மழைக்காலத்தில் சுவரின் அடிப்பூச்சு ஒரு அடி உயரத்துக்கு உதிரத் தொடங்கும். பசை போட்டு ஒட்டும் வினைலாக இருந்தால் இன்னும் மோசம். சிமென்டின் காரம் கலந்த ஈரம் பசையைக் கரைத்து, கையில் ஒட்டும் பிசினாக்கிவிடும்.

முதலில் சோதனை. கடிதம் எழுதியிருக்கும் நேரம் நல்ல நேரம். டெல்டாவில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்பது கார்த்திகை, மார்கழியில்தான். சித்திரையில் இதே தரையைச் சோதித்தால் எல்லாம் காய்ந்ததாகக் காட்டும். அதை நம்பிப் பலகை போட்டவர்கள் ஐப்பசியில்தான் விழிப்பார்கள்.

தரை ஈரமாவதற்கு நான்கு காரணம் உண்டு. மண்ணிலிருந்து ஈரம், அதாவது ஓதம், ஏறலாம். குழாயோ குளியலறையோ கசியலாம். வெளித் தண்ணீர் அஸ்திவாரத்தை ஒட்டித் தேங்கி உள்ளே வரலாம். கடைசியாக, ஈரக் காற்று குளிர்ந்த தரையில் பட்டு வேர்க்கலாம். ஏசி ஓடும் அறையில் தரை 24 டிகிரியில் இருக்கும்போது கதவைத் திறந்து கடலோரக் காற்றை உள்ளே விட்டால், மண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லாவிட்டாலும் தரை வேர்க்கும்.

வேர்வையா ஓதமா என்று பிரித்தறிய பாலிதீன் ஷீட் போதும். ஒன்றரை அடிச் சதுரத்தில் மூன்று துண்டு வெட்டுங்கள். கடையில் கொடுக்கும் பை மாதிரி மெலிதாக இருக்கக் கூடாது. 100 மைக்ரானாவது வேண்டும். குளியலறைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி ஒன்று, அறை நடுவில் ஒன்று, எதிர்ச்சுவர் ஓரம் ஒன்று. தரையைத் துடைத்து, மின்விசிறி போட்டு உலர்த்திய பிறகு, நான்கு பக்கமும் காற்று புகாதபடி அகல டேப்பால் ஒட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் இரண்டு மொசைக் இணைப்பாவது வர வேண்டும், ஏனென்றால் ஈரம் கல்லைவிட இணைப்பில்தான் வேகமாக ஏறும். வெறும் கான்கிரீட்டில் 16 மணி நேரம் போதும் என்பார்கள். பாலிஷ் போட்ட மொசைக்கில் மூன்று நாள் விடுங்கள். ஷீட்டின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றாலோ, மூடியிருந்த தரை சுற்றியுள்ள தரையைவிடக் கறுத்துத் தெரிந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. ஷீட்டின் மேற்பக்கம் நனைந்து அடி காய்ந்திருந்தால் அது காற்றின் வேர்வை. அப்படியானால் தரையை உடைக்கவே வேண்டாம்.

உங்கள் தரையில் உப்பு பூப்பதால் வேர்வை மட்டுமே காரணமாக இருக்க முடியாது. கீழிருந்து வரும் நீர்தான் மண்ணிலும் சிமென்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, மேலே காய்ந்ததும் விட்டுவிட்டுப் போகும். வெள்ளைப் பொடியைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கழுவினால் பாதி உப்பு கரைந்து திரும்பத் தரைக்குள் போய்விடும். உலர்ந்த தூரிகையால் தள்ளி, முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள்.

மூன்று ஷீட்டில் குளியலறை ஓரத்தில் மட்டும் அதிகமாகவும் மற்ற இடத்தில் குறைவாகவும் இருந்தால் கசிவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நானி டிராப்பை (தரைத் தண்ணீர் வடியும் குழியை) துணியும் பாலிதீனும் வைத்து அடைத்து, குளியலறைத் தரையில் ஒரு இன்ச் தண்ணீர் கட்டுங்கள். சுவரில் பென்சிலால் மட்டம் குறியுங்கள். அதே குளியலறையில் ஓர் அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் மட்டத்தையும் குறித்துவிடுங்கள். 24 மணி நேரம் கழித்து இரண்டையும் பாருங்கள். தாம்பாளத்தில் இறங்கியது ஆவியானது. தரையில் அதைவிடக் கூடுதலாக இறங்கியிருந்தால் அந்த வித்தியாசம் கசிந்து போனது. பெரும்பாலும் டிராப்பைச் சுற்றியுள்ள பூச்சு விட்டிருக்கும், அல்லது தரையும் சுவரும் சேரும் மூலை விரிந்திருக்கும்.

குழாய்க்கு இன்னும் எளிய வழி. இரவு மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, மட்டம் குறித்துவிட்டு, எல்லாக் குழாயையும் மூடிப் படுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால், மறுநாள் இரவு தொட்டி அடியில் உள்ள வால்வையும் மூடிப் பாருங்கள். வால்வு மூடியபோது இறங்காமல், திறந்தபோது மட்டும் இறங்கினால் சுவருக்குள் அல்லது தரைக்குள் உள்ள குழாய்தான் குற்றவாளி. (ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகினாலும் இதே கணக்குத்தான் காட்டும், அதன் வால்வையும் மூடி வையுங்கள்.) சம்ப்பிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாயில் மோட்டார் ஓடும்போதுதான் அழுத்தம் இருக்கும். அதை பிளம்பர் கைப்பம்ப் வைத்து, அழுத்தமானி முள் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு துளை. அறை நடுவில் ஒரு மொசைக் கல்லைப் பெயர்த்து, அதன் அடியில் உள்ள கலவையையும் ஜல்லி கான்கிரீட்டையும் குடைந்து, பேஸ்மட்டம் நிரப்பிய மண் தெரியும்வரை போங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டுங்கள். ஆற்று மணலாக இருந்தால் உருண்டை உதிரும். களிமண்ணாக இருந்தால் பிடித்த பிடி நிற்கும், கையில் ஈரம் ஒட்டும். இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. பெருமணலில் நீர் தானாக ஏறும் உயரம் சில அங்குலம்தான். களிமண்ணில் அது ஆள் உயரத்தைத் தாண்டும். பேஸ்மட்டத்தை மனையில் தோண்டிய மண்ணையே போட்டு நிரப்பியிருந்தால், நிலத்தடி நீருக்கும் உங்கள் பாய்க்கும் நடுவில் விளக்குத்திரி மாதிரி அந்த மண் நிற்கிறது என்று அர்த்தம்.

துளையை மூடாமல் மேலே ஒரு பலகை வைத்து இரண்டு நாள் விடுங்கள். உள்ளே தண்ணீர் ஊறி நின்றால் அது வெறும் ஓதம் அல்ல, தண்ணீரே அழுத்தத்தோடு நிற்கிறது. அந்த நிலையில் தரைமேல் எந்தப் பூச்சும் தாங்காது. வீட்டைச் சுற்றித் துளைக்குழாய் வடிகால் போட்டு நீர்மட்டத்தை இறக்கிய பிறகே மற்றதைப் பேச வேண்டும். மண் ஈரமாக மட்டும் இருந்து, தண்ணீர் நிற்காவிட்டால் கீழே சொல்லும் முறை போதும்.

மூன்று படி ஒரு படியானது பெரிய விஷயம். வெளித்தரை உங்கள் உள்தரைக்கு ஏழு எட்டு இன்ச் கீழே வரை ஏறிவிட்டது. உங்கள் சுவரில் பேஸ்மட்ட மட்டத்தில் ஓர் ஓதத்தடுப்பு அடுக்கு, அதாவது டிபிசி போட்டிருப்பார்கள். அதற்கு மேலாக வெளியே மண்ணோ, சிமென்ட் தளமோ, பூச்செடிப் பாத்தியோ ஏறியிருந்தால் ஓதம் அதைச் சுற்றிக்கொண்டு சுவருக்குள் போகும். வெளித்தரை அந்த அடுக்குக்கு ஆறு இன்ச்சாவது கீழே இருக்கட்டும். அறையின் வெளிச்சுவர்களை ஒட்டி இரண்டரை அடி அகலத்துக்குச் சிமென்ட் தளம் போட்டு, சுவரிலிருந்து வெளிப்புறமாக ஒன்றரை இன்ச் வாட்டம் கொடுங்கள். அதன் முடிவில் சிறிய சாக்கடை. மொட்டை மாடி மழைக்குழாய், ஏசி தண்ணீர்க் குழாய் இரண்டும் சுவரடியில் கொட்டக் கூடாது. மழைநீர் சேகரிப்புக் குழி சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்க வேண்டும். 2003-ல் கட்டாயமாக்கியபோது அவசர அவசரமாகச் சுவரோரமே குழி தோண்டிய வீடுகள் நிறைய. உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செப்டிக் டேங்கும் பக்கத்தில் இருந்தால் அதையும்.

வெளி வேலையை மட்டும் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் காத்திருந்து பார்ப்பது சில வீடுகளில் போதும். உங்கள் கடிதத்தில் உள்ளபடி அறை முழுக்க நான்கு மாதம் ஈரம், உப்பு, அதோடு உங்கள் பக்கத்துக் களிமண் பூமி என்று மூன்றும் சேர்ந்திருப்பதால், தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவதையே சொல்வேன். ஒரே அறை என்பதால் கட்டுப்படியாகும்.

மேலிருந்து கீழே கணக்குப் போட்டால் 13 இன்ச் தோண்ட வேண்டும். மேல்தரைக்கும் மட்டப்பூச்சுக்கும் 2, கான்கிரீட் 4, மணல் 1, ஜல்லி 6. மொசைக், கலவை, பழைய கான்கிரீட், கீழ் மண் எல்லாம் சேர்த்து உங்கள் அறையில் 180 கன அடிக்கு மேல் வெளியேறும். உதிர்ந்த பிறகு அதன் அளவு இன்னும் கூடும். ஏற்றிப் போக வண்டியை முன்பே பேசிக்கொள்ளுங்கள். பேஸ்மட்டம் நிரப்பிய உயரத்துக்குள்தான் தோண்டுகிறோம் என்பதால் அஸ்திவாரத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் உள்சுவர் ஏதாவது அஸ்திவாரம் இல்லாமல் தரைமேலேயே எழும்பியிருந்தால், அதன் ஓரத்தில் ஒரு அடி விட்டுத்தான் தோண்ட வேண்டும். கொத்தனார் தட்டிப் பார்த்துச் சொல்வார்.

அடிமண்ணைத் திமிசுக்கட்டையால் நன்றாக இடித்து மட்டமாக்குங்கள். தரை திறந்து கிடக்கும் இந்த ஒரு நாளில் கரையான் மருந்தும் அடித்துவிடுங்கள். பிறகு துளை போட்டு அடிப்பதற்குப் பாதிப் பலன்தான். அதன்மேல் ஒன்றரை இன்ச் ஜல்லி, ஆறு இன்ச் கனத்துக்கு. உங்கள் அறைக்கு ஒரு யூனிட், அதாவது 100 கன அடி வாங்கினால் இடித்து இறுக்கிய பிறகு சரியாக வரும். தூசி இல்லாத, சலித்த ஜல்லியாக வாங்க வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வெற்றிடம் இருப்பதால்தான் ஓதம் அந்த இடத்தோடு நிற்கிறது. கிரஷர் தூளோ மண்ணோ கலந்தால் அந்த வெற்றிடம் அடைந்து, திரும்பவும் திரி கிடைத்துவிடும். "ஜல்லிக்குப் பதிலா இடிச்ச கட்டிடக் கழிவைப் போட்டுக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். அதில் செங்கல் இருக்கும், செங்கல் நீரை உறிஞ்சும், பழைய பூச்சின் உப்பும் கூடவே வரும். வேண்டாம்.

ஜல்லியின் கூர்முனை ஷீட்டைக் கிழிக்காமலிருக்க அதன்மேல் ஒரு இன்ச் எம்-சாண்ட் பரப்பி மட்டப்பலகை இழுக்க வேண்டும். பிறகு 250 மைக்ரான் பாலிதீன் ஷீட். கடையில் 1000 கேஜ் என்றும் கேட்கலாம், இரண்டும் ஒன்றே. நான்கு பக்கமும் ஒவ்வொரு அடி சுவரில் ஏற வேண்டும் என்பதால் அறைக்கு 14-க்கு 16 அடி, இணைப்போடு 250 சதுர அடி வாங்குங்கள். ஒரே துண்டாகக் கிடைத்தால் உத்தமம். இணைக்க நேர்ந்தால் ஒரு அடி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, நடுவில் பியூட்டைல் டேப், மேலே அகல டேப்.

இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, ஷீட்டைச் சுவரோரம் வெட்டி நிறுத்திவிடுவது. அப்போது கான்கிரீட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஓதம் சுகமாக ஏறும். சுவரின் அடிப்பூச்சை ஒரு அடி உயரத்துக்குக் கொத்தி எடுத்து, செங்கல் தெரிந்த பிறகு ஷீட்டை அதன்மேல் தூக்கி, சுவரிலுள்ள டிபிசி மட்டம்வரை கொண்டுபோய் ஒட்ட வேண்டும். தரைக்குள் கிடக்கும் ஷீட்டும் சுவருக்குள் ஓடும் டிபிசியும் தொட்டுக்கொண்டால்தான் தடுப்பு முழுமை. மூலையில் ஷீட்டை வெட்டாமல், புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல் மடித்துத் தூக்கலாம். இன்னொன்று, கான்கிரீட் போடும் நாள். பாண்டுச்சட்டியோடு நடக்கிறவர்கள் காலடியிலும், மண்வெட்டி முனையிலும் ஷீட் கிழியும். கிழிந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள். நடக்கப் பலகை போடுங்கள், ஒரு ஆள் அன்று அங்கேயே நிற்கட்டும், கிழிசல் கண்ட இடத்தில் ஒரு அடிச் சதுரத் துண்டு வைத்து டேப் ஒட்டிய பிறகே கலவை விழட்டும்.

கான்கிரீட் 1:3:6 (சிமென்ட், மணல், ஜல்லி), நான்கு இன்ச். உங்கள் அறைக்கு 56 கன அடி. சிமென்ட் 7 மூட்டை, எம்-சாண்ட் கால் யூனிட்டுக்குச் சற்றே கூடுதல், முக்கால் இன்ச் ஜல்லி அரை யூனிட். சேதாரத்துக்கு ஒரு மூட்டை சிமென்ட் கையில் இருக்கட்டும். கலவைக்கு உப்புத் தண்ணீர் வேண்டாம். சிதம்பரம் பக்கம் சில போர்வெல்களில் கரிப்புத் தண்ணீர் வரும்; வாயில் கரித்தால் லாரித் தண்ணீர் வாங்குங்கள். ஓதத்தை அடைத்துவிட்டுக் கலவையிலேயே உப்பைச் சேர்த்தால் புதுத் தரையும் பூக்கும். தண்ணீர் கட்டி ஏழு நாள் நனையவிட்டு, பிறகு வடித்துவிடுங்கள்.

ஆழமாகத் தோண்டவே முடியாது என்றால் இரண்டாவது வழி எபாக்ஸி, அதாவது கெட்டியாக இறுகும் பிசின் பூச்சு. மொசைக்கையும் அடிக்கலவையையும் எடுத்து, பழைய கான்கிரீட் கெட்டியாக இருந்தால் மட்டுமே இது செல்லும். ஆணியால் கீறினால் மாவாக உதிரும் கான்கிரீட்டுக்கு எபாக்ஸி பூசுவது வீண். மேல்தோலோடு உரிந்து வரும். கிரைண்டிங் மெஷின் ஓட்டித் தூசியை வேக்குவத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஈரத் தரையிலும் பிடிக்கும் வகை என்று உறையில் எழுதியுள்ள இரண்டு பாக எபாக்ஸி தடுப்புப்பூச்சைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணத் தரை எபாக்ஸி ஈரத்தில் கொப்புளம் கட்டும். ஒரு கோட்டுக்குச் சதுர மீட்டருக்கு 300 கிராம் கணக்கில், சுவரில் அரை அடி ஏற்றுவது உட்பட இரண்டு கோட்டுக்கு 11 கிலோ ஆகும். முதல் கோட்டை நீளவாக்கிலும் இரண்டாவதைக் குறுக்கிலும் அடியுங்கள். இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே, உலர்ந்த குவார்ட்ஸ் மணலைத் தரை முழுக்கத் தூவ வேண்டும். எபாக்ஸி மேல் சிமென்ட் பூச்சு பிடிக்க அந்தச் சொரசொரப்புதான் பிடிமானம். ஊசித்துளை அளவு இடம் விட்டாலும் அந்த ஒரு துளையில் ஓதம் வந்து நிற்கும். அதனால் மணல் தூவும் முன் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள், விட்டுப்போன இடம் மங்கலாகத் தெரியும்.

பெயின்ட் கடைக் கெமிக்கல் என்பது பெரும்பாலும் சிமென்டும் அக்ரிலிக் பாலும் கலந்த பூச்சு. குளியலறைக்கும் தொட்டிக்கும் நல்ல சரக்கு. தண்ணீரைத் தடுக்கும், ஆனால் ஆவியை முழுக்கத் தடுக்காது. மேலே டைல்ஸ் வருவதானால் உதவும், வினைலுக்கோ மரத்துக்கோ போதாது. பாலிஷ் போட்ட மொசைக் மேல் நேரடியாக அடித்தால் ஒரு மழையில் தோல் உரியும்.

இனி சுவர். தரையை அடைத்ததும் மண்ணில் உள்ள ஓதம் காணாமல் போகாது, சுவர்ப்பக்கம் வழி தேடும். பூச்சைக் கொத்தியபோது டிபிசி கண்ணில் பட்டால் கவலையில்லை. இல்லையென்றால், அல்லது அது விரிந்து கிடந்தால், தரைக்குச் சற்று மேலே உள்ள செங்கல் வரியின் கலவை இணைப்பில், நாலரை இன்ச்சுக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு சிலேன் கிரீம் (செங்கலில் நீர் ஏறாமல் தடுக்கும் மருந்து) ஏற்ற வேண்டும். ஒன்பது இன்ச் சுவருக்குத் துளை ஆழம் எட்டு இன்ச். பழைய பூச்சில் உப்பு ஏறியிருக்கும். அந்த உப்பு மழைக்காற்றின் ஈரத்தைத் தானே இழுத்து நனையும். ஆகவே மூன்று அடி உயரத்துக்குப் பூச்சைப் புதிதாகப் போடுங்கள். ஜிப்சம் பூச்சு, பட்டி இரண்டும் அந்த மூன்று அடிக்குள் வேண்டாம். புதுப்பூச்சு தரையைத் தொடாமல் அரை இன்ச் மேலேயே நிற்கட்டும். ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும்.

பொறுமை தேவைப்படும் இடம் இதற்குப் பிறகுதான். புதுக் கான்கிரீட்டுக்கு அடியில் ஷீட் இருப்பதால் அதன் தண்ணீர் மேல்வழியாக மட்டுமே போக முடியும். பிரிட்டனில் வழங்கும் கணக்குப்படி முதல் 50 மி.மீ. கனம் நாளுக்கு ஒரு மி.மீ. வீதம் காயும், அதற்கு மேலுள்ளது இன்னும் மெதுவாக. நம் வெயிலில் கொஞ்சம் விரைவு இருந்தாலும், நான்கு இன்ச் காய நான்கைந்து மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தை கடைசியில் உடைத்து மாசி முதல் வாரம் கான்கிரீட் போட்டால், ஆனியில் மேல்காற்று அடிக்கும்போது தரை தயாராகும். உங்கள் பக்கம் தரை காய வைப்பதற்கு அந்தக் காற்றுக்கு ஈடில்லை. பகலில் சன்னல்களைத் திறந்து வையுங்கள். டைல்ஸ் என்றால் 28 நாளில் ஒட்டத் தொடங்கலாம், இந்தக் காத்திருப்பு வேண்டாம்.

காய்ந்ததா என்பதைக் கை வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆணி முனை உள்ள ஈரமானிகளும் மரத்துக்கானவை. கான்கிரீட்டில் உப்பு இருந்தால் பொய் சொல்லும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் காற்று ஈரப்பத மானி போதும், முதலில் அதையே சோதித்துவிட்டால். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் மானியையும் ஜிப் பையில் போட்டு மூடி ஓர் இரவு வையுங்கள். நனைந்த உப்பு பைக்குள் உள்ள காற்றை 75 சதவீத ஈரத்தில் நிறுத்திவிடும். மானி 71 காட்டினால் இனி எப்போதும் நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு ஒளி ஊடுருவும் சாப்பாட்டு டப்பாவுக்குள் மானியை வைத்து, வெறும் கான்கிரீட் மேல் கவிழ்த்து, ஓரத்தைப் பியூட்டைல் டேப்பால் அடைத்து, வெயில் படாமல் தெர்மாக்கோலால் மூடுங்கள். 72 மணி நேரத்துக்குப் பிறகு ஒரு முறையும் மறுநாள் ஒரு முறையும் படியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அதுவே தரையின் ஈரம். அது 75-க்குக் கீழே இருந்தால் வினைல் போடலாம். உண்மையான மரப்பலகைக்கு 65. ஆனி முடிந்தும் 75-க்குக் கீழே இறங்காமல் நின்றால் ஐப்பசியைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். அதே கான்கிரீட் மேல் மேலே சொன்ன எபாக்ஸியை இரண்டு கோட் அடித்துவிட்டு வேலையை முடிக்கலாம்.

பலகை போடுவது இரண்டு நாள் வேலை. ஆறரை அடி மட்டப்பலகையை எந்தப் பக்கம் வைத்தாலும் அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. தெரிந்தால் தரைமட்டக் கலவை ஊற்றிச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் நடக்க நடக்கப் பலகைகளை ஒன்றோடொன்று மாட்டும் பூட்டு உடையும். பலகைக் கட்டுகளை அறையிலேயே 48 மணி நேரம் படுக்க வைத்துவிட்டுப் பிரியுங்கள். சுவரோரம் சுற்றிலும் 8 மி.மீ. விடுங்கள்.

கொத்தனார் சொன்ன டைல்ஸ் யோசனையை ஒரேயடியாகத் தள்ள வேண்டியதில்லை. பேஸ்ட் சிமென்டால் ஆனது, ஓதத்தில் கெடாது. விட்ரிஃபைட் டைல்ஸும் அரை சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சாது. தோண்டாமல் டைல்ஸ் போட்டால் பாயின் அடி நனைவது குறையும், டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கிரவுட் கோட்டில் உப்பு பூப்பதும் சுவரடி உதிர்வதும் தொடரும். அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமென்றால் செலவு மிகக் குறைவு. ஆத்தங்குடிக் கல்லோ ரெட் ஆக்சைடோ போட்டால் ஓதம் மேலே வந்து காய வழியிருக்கும், சுவருக்குச் சேதம் குறையும்; ஆனால் இரண்டிலும் உப்பு பூப்பது பளிச்சென்று தெரியும். மொசைக் மேலேயே ஒட்டுவதானால் தரை முக்கால் இன்ச் உயரும். கதவின் அடியைச் சீவ வேண்டிவரும். குளியலறை வாசலில் உள்ள இறக்கத்தையும் அளந்து பாருங்கள். இப்போது குளியலறைத் தரைக்கும் அறைத் தரைக்கும் ஒரு இன்ச் வித்தியாசம் இருந்தால் அது கூடும், நல்லதே. ஆனால் குளியலறைக்கும் சேர்த்து டைல்ஸ் ஒட்டப் போகிறீர்கள் என்றால், அங்கே பழையதை எடுத்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். டிராப்பின் வாயும் புது மட்டத்துக்கு ஏற்ப மாற வேண்டும்.